நீ பிரிக்காத பொட்டலம்

என் செல்லத் தின்னிப்பண்டாரமே, தம்பி சந்திரா,

உன்னை இப்படிக் கூப்பிடுகிற உரிமை எனக்கு மட்டும்தான். பால்பல் விழாத வயதில் என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாயே, அன்றைக்கு நான் வாங்கிய உரிமை அது. வேறு யாராவது உன் வாயைப் பற்றிப் பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் முதல் வருஷத் திதி. ரவாங்கில் என் வீட்டில்தான் செய்தோம். படையல் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பரிமாறிக்கொண்டு வந்தேன். நம் ஆறுமுக மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், ரசத்தைச் சோற்றில் குழைத்தபடி பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "நல்லாத் திங்கிற புள்ள. பாவம், அந்தத் தீனியே அவனக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு லா."

சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டார்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். குனிந்து அவருடைய இலையை எடுத்தேன். ஆமாம்டா, சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு முன்னாலிருந்து, சோறும் கறியுமாக அப்படியே சுருட்டி எடுத்தேன். அவர் கை ரசம் சொட்டச் சொட்ட அந்தரத்தில் நின்றது.

"என்னா வசந்தா இது?"

"சாப்பாடு ஆளக் கொல்லும்னு சொன்னீங்களே மாமா. ஒங்களக் காப்பாத்துறேன்."

மாமா கையைக் கழுவாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். பெரியவர், வயதானவர், சாப்பிடும்போது இலையை எடுக்கலாமா என்கிறார்கள். செத்தவன் பெயரை எடுக்கலாம், இலையைத்தான் எடுக்கக்கூடாதா?

அதனால்தான் இதை உனக்கு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போட்டார்கள் என்றால் தோட்டத்துக் கோப்பிக் கடையில் யாராவது உரக்கப் படிப்பார்கள். மாமாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். கேட்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கோலா சிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் நடுவில் இருக்கிற தோட்டத்தில் பிறந்தவர்கள் நாம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா பால்மரம் வெட்டினாள், ரப்பர் பால் எடுக்கிற வேலை. அந்த மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்த பிறகு, குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினாள். வீட்டில் சாப்பாடு என்றால் சோறு, கருவாடு, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் முளைத்த கீரை. மாதக் கடைசியில் கஞ்சியும் ஊறுகாயும்.

அந்தக் கஞ்சியை வைத்துக்கொண்டு நீ போட்ட ஆட்டம் இருக்கிறதே! பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற செம்மண் பாதையில் நீ சாப்பாட்டுக்கடை வைப்பாய். கடை இல்லை, பாத்திரம் இல்லை, நீ மட்டும்தான் இருப்பாய். தோளில் துண்டு கிடப்பதாக நினைத்துக்கொண்டு உதறிப் போட்டுக்கொள்வாய்.

"வாங்கக்கா, என்னா வேணும்?"

"மீ கோரெங் ஒன்னு. முட்டை போட்டு."

"முட்டை முடிஞ்சிருச்சு லா."

"டேய், இது பொய்க்கடைதானே? இதுல எப்படிடா முட்டை முடியும்?"

"நல்ல கடைன்னா ஏதாச்சும் முடிஞ்சி போவணும்க்கா. அப்பத்தான் நாளைக்கும் ஆளு வரும்."

எனக்கு ஆத்திரமாக வரும். பசியோடு நடக்கிறவளுக்குக் கற்பனையில்கூட முட்டை தரமாட்டேன் என்கிறானே என்று. மறுநாள் நீயே கேட்காமல் இரண்டு முட்டை போடுவாய். "நேத்து வந்துட்டு ஏமாந்து போனீங்கல்ல, அதுக்கு," என்பாய். அன்றைக்குப் பள்ளிக்கூடம் வரை வயிறு நிறைந்த மாதிரிதான் இருக்கும். அது எப்படி?

சாப்பாட்டைப் பற்றி உனக்கு இல்லாத கருத்து கிடையாது. ரொட்டி சானாயை இரண்டு கையாலும் தட்டி உதிர்க்காமல் தின்கிறவனைக் கண்டால் உனக்கு ஆகாது. "மாவு தூங்கிக்கிட்டு இருக்கு, எழுப்பிட்டுத்தான் சாப்பிடணும்," என்பாய். பருப்புக்குழம்பைப் பாதி ரொட்டியில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். மீதிப் பாதி மொறுமொறுப்பாகக் காத்திருக்க வேண்டும். பிஸ்கட்டைக் கோப்பியில் நனைக்கும்போது உடைந்து உள்ளே விழுந்துவிட்டால், அதைக் குடிப்பதா தின்பதா என்று ஒரு காலைப்பொழுது முழுக்க என்னோடு சண்டை போட்டிருக்கிறாய். சார்டின் டின்னில் மீனைவிட அந்த மெத்தென்ற நடுமுள்தான் ருசி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னையும் நம்பவைத்து, பிறகு அந்த முள்ளுக்கும் என்னோடு போட்டிக்கு வந்தாய். அறிவு இருந்ததாடா உனக்கு?

நாசி லெமாக் பொட்டலம் என்றால் பூசை மாதிரிதான். முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாய். மூக்கருகே கொண்டுபோய்த் தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றின் வாசத்தை இழுப்பாய். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாய். தாளையும் வாழையிலையையும் மெதுவாகப் பிரித்து, தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பாய். மிளகாய்ச் சம்பல், நெத்திலி, கடலை, பாதி முட்டை, இரண்டு வெள்ளரித் துண்டு. "மொதல்ல கண்ணு சாப்பிடட்டும்க்கா. அதுக்கும் பசிக்கும்ல?" அதற்குள் என் பொட்டலம் காலியாகியிருக்கும்.

உனக்கு இருந்த ஒரே சட்டம், ஓடுகிற வண்டியில் சாப்பிடக்கூடாது என்பது. இதைக் கோப்பிக் கடையில் படிக்கிறவர் இன்னும் கொஞ்சம் உரக்கப் படிக்கவும்.

நீ சின்னவனாக இருந்தபோது, திருவிழாவுக்காகத் தோட்டத்து லோரியில் எல்லாரும் கோலா சிலாங்கூர் போய்விட்டுத் திரும்பி வந்தோம். அம்மா உனக்கு ஒரு மசால்வடை வாங்கிக் கொடுத்திருந்தாள். நீ சுற்றிச் சுற்றி ஓரத்தை மட்டும் கடித்து, நடுவை மிச்சம் வைத்திருந்தாய். லோரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வடை உன் கையைவிட்டுப் பறந்து சாலையில் விழுந்தது. நீ குதிக்கப் பார்த்தாய், அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாய். அதற்குப் பிறகு பஸ், லோரி, டிராக்டர், எதிலுமே நீ ஒரு கடலையைக்கூட வாயில் போட்டதில்லை. பிறகு நான் வேலைக்குப் போன தொழிற்சாலையின் பஸ்ஸில் ரொட்டி கடித்துக்கொண்டு போவேன் என்று கேள்விப்பட்டு என்னைத் திட்டினாய். "பாதி கவனம் ரோட்டுல, பாதி வாயில. ரெண்டுக்கும் மரியாத இல்லக்கா," என்றாய்.

இப்படிப்பட்டவனைத்தான், வண்டி ஓட்டிக்கொண்டே தின்றான், அதனால் செத்தான் என்கிறார்கள்.

வளர்ந்து நீ செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு டிரைவர் ஆனாய். தோட்டத்திலிருந்து குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகிற குத்தகை எடுத்திருந்தவரிடம் வேலை. அவர் பெயரை இங்கே எழுதி இந்தத் தாளை அழுக்காக்க மாட்டேன். முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். உனக்கும் மலருக்கும் கல்யாணம் ஆனது. நான் ரவாங்கில் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் பஸ் ஏறி வருவீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு என்னா கறி, மூடியத் தொறக்காம நானே சொல்றேன் பாரு," என்று மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்டுக்கறி செய்திருந்தேன். கடலோர ஜெராமிலிருந்து வந்த நண்டு. நீ காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே சொன்னாய், "அக்கா, லோரி பிரேக்கு அமுக்குனா சதுப்புல கால வெச்ச மாதிரி உள்ள போயிக்கிட்டே இருக்கு." மொதலாளிகிட்ட சொன்னியா என்றேன். "சொன்னேன். குல சீசன் முடியட்டும், ஒரேயடியா பட்டறையில போட்டுருவோம்ங்கிறாரு." "சாவிய அவரு மூஞ்சில வீசிட்டு வாடா," என்றேன். "புள்ள வரப்போவுதுக்கா," என்றாய். மலர் அப்போது மூன்று மாதம்.

இங்கேதான் உன்மேலும் எனக்குக் கோபம் வருகிறது, சந்திரா. ரொட்டிக் கடையில் தேத்தண்ணியில் நுரை குறைந்தால் திருப்பி அனுப்புவாய். ஆறிப்போன ரொட்டியை, "அண்ணே, இது நேத்து செத்துப்போச்சு," என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிடுவாய். கல்யாண வீட்டில்கூடப் பாயசத்தில் சர்க்கரை போதவில்லை என்று சமையல்காரரைத் தேடிப் போனவன் நீ. உன் நாக்குக்கு வந்த ரோஷம் உன் உயிருக்கு ஏன்டா வரவில்லை? ஆறின ரொட்டியைத் திருப்பித் தந்தவனுக்கு, பிரேக் இல்லாத லோரியைத் திருப்பித் தர முடியவில்லையா? ஏழைக்குச் சாப்பாட்டுக் கடையில்தான் முதலாளியாக இருக்க முடியும், அதனால்தானா?

அன்றைக்கு நான் தொழிற்சாலையில் இருந்தேன். காலைப் பசியாறும் மணி அடித்து எல்லாரும் எழுந்தபோது, மேற்பார்வையாளர் பெண் வந்து என் தோளைத் தொட்டாள். மேடான செம்பனைக் காட்டிலிருந்து குலை ஏற்றி இறங்கும்போது, சரிவில் லோரி நிற்காமல் போய் மரத்தில் மோதியது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே நீ போய்விட்டாய்.

உன்னைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய மாலை. மாலையைப் போட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஆரம்பித்தார்.

"எத்தனையோ தடவ சொன்னேன் லா. ஓட்டுறப்ப சாப்பிடாதடான்னு. கேக்க மாட்டான். இன்னிக்கும் பாருங்க, கண்ணாடியெல்லாம் நாசி லெமாக். ஒரு கையில சோறு, ஒரு கையில ஸ்டீரிங்கு. வண்டி என்னா பண்ணும்?"

சோறு சிதறியிருந்தது உண்மைதான். பார்த்தவர்கள் இருந்தார்கள். நீ சாப்பாட்டுப் பிரியன் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு போதுமாக இருந்தது அவர்களுக்கு. கட்டிப் புரண்டு அழுத வாய்களே அன்று சாயங்காலம், "வாயக் கட்டாதவன்," என்று பேசின. உன்னோடு பொய்க்கடை விளையாட வந்தவர்கள், உன் கதைகளைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள், அத்தனை பேரும். முதலாளி ஜெராமுக்குப் போய் நண்டு தின்றால் அது விருந்து. டிரைவர் ஒரு பொட்டலம் வாங்கினால் அது தீனி!

பிறகு பேச்சு மலர் பக்கம் திரும்பியது. அவளுக்கு மசக்கை. தாளிக்கிற வாசம் பட்டாலே வாந்தி. "நீ அடுப்புகிட்டயே போவாத, நான் கடையில வாங்கிக்கிறேன்," என்று சொன்னது நீதான். அது அவர்களுக்குத் தெரியுமா? "பொண்டாட்டி ஒரு வாய் பொங்கிக் குடுத்து அனுப்பியிருந்தா அவன் ஏன் ரோட்டுல வாங்கப்போறான்?" என்று உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். மலர் பக்கத்திலேயே இருந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றுதான் பேசினார்கள்.

அவளை என்னோடு ரவாங்குக்குக் கூட்டிவந்தேன். அவள் சாப்பிடவில்லை, சந்திரா. வாந்தி நின்ற பிறகும் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டால் ஓரமாகத் தள்ளித் தள்ளி ஒரு குவியல் செய்துவிட்டு எழுந்துவிடுவாள். "அண்ணி, சோத்தப் பாத்தா கண்ணாடியில ஒட்டுன சோறுதான் தெரியுது," என்றாள். அவளைத் திட்டினேன், கெஞ்சினேன், வயிற்றுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி மிரட்டினேன். கஞ்சித் தண்ணீரை மட்டும் மருந்து மாதிரி குடிப்பாள். உன் வீட்டில் பசியைக் குற்றமாக்கிவிட்டார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தோட்டத்துச் சாலைச் சந்திப்பில் மழைமரத்தடியில் நாசி லெமாக் விற்கிற மலாய்க்கார அம்மா, சோம் மக்சிக்கைத் தேடிப் போனேன். அன்றைக்கு நீ பொட்டலம் வாங்கியது அவரிடம்தான். நான் யார் என்று சொன்னதும் அவர் அழவில்லை. கரண்டியை மேசையில் அடித்தார். மலாயில் கொட்டித் தீர்த்தார். நான் தமிழில் எழுதுகிறேன்.

"என் சோத்து மேல கொலைப்பழி போட்டுட்டாங்க மகளே! முன்னாடி லோரிக்காரனுங்க வரிசையா நிப்பானுங்க. இப்ப ஒருத்தனும் நிறுத்துறதில்ல. சந்திரன் என் கடையில வாங்கி ஒரு நாளும் வண்டியில பிரிச்சதில்ல. சூடா இருக்கு, இங்கயே சாப்பிடுடான்னா, 'இல்ல மக்சிக், ஆலையில வரிசையில நிப்பேன், கால நீட்டி உக்காந்து சாப்பிடுவேன்'னு கண்ணாடி முன்னாடி வெச்சிட்டுப் போவான். என்னா சொல்றானுங்க இவனுங்க?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. என்னைவிடக் கோபமாக இருந்த ஒரே மனுஷி!

அவர்தான் என்னை ஒரு போலீஸ்காரரிடம் அழைத்துப் போனார். விபத்து அன்று லோரியிலிருந்த சாமான்களை எடுத்தவர், மக்சிக் கடையில் பசியாறுகிறவர். சின்ன வயசு, அமைதியான ஆள். பொட்டலம் பிரித்திருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை என்றார். மோதியதில் ஒரு பக்கம் கிழிந்து சோறு வெளியே கொட்டியிருந்தது. ஆனால் ரப்பர் பேண்டு இருந்தபடியே இருந்தது. கழற்றவே இல்லை. இதை எழுதியும் வைத்தேன், யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்வேன் என்றார்.

யாரும் கேட்கவில்லை! ஊர் முழுக்கப் பேசியதில் ஒருத்தருக்குக்கூட அந்தக் கேள்வி வரவில்லை.

பட்டறைச் சீனரிடமும் போனேன். பிரேக்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் அவர் சொன்னதாக நீ சொல்லியிருந்தாய் அல்லவா? அவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, "அய்யோ, எனக்கு அவர்தான் வேலை தர்றார் லா," என்றார். சொல்லிவிட்டு லோரிக்கு அடியில் புகுந்துகொண்டார். அந்த இரண்டு காலைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் கடைசிவரை வரவே இல்லை.

கோலா சிலாங்கூர் அரசாங்க அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். மலருக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம்தான் சுண்டிப்போயிருந்தது. முதலாளி அதே வெள்ளைச் சட்டையில் வந்து அதே கதையைச் சொன்னார். ஒரு கையில் சோறு, ஒரு கையில் ஸ்டீரிங்.

அதிகாரி, கண்ணாடி போட்ட வயதான மலாய்க்காரர், என்னைப் பார்த்துச் சொல்ல ஏதாவது உண்டா என்றார். நான் எழுந்தேன். நாள் முழுக்க மனப்பாடம் செய்துவைத்திருந்த மலாய் எல்லாம் மறந்துபோனது. முதலாளியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டேன்.

"மொதலாளி, நீங்க சாப்பிடறது எந்தக் கையில?"

"என்னா கேள்வி இது? சோத்துக் கையிலதான்."

"அவனும் சோத்துக் கையிலதான். அந்தக் கையில சோறுன்னா எடது கை ஸ்டீரிங்குல. அப்ப அந்தச் சரிவுல கியரு போட்டது யாரு, நீங்களா?"

அதிகாரிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் விடவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியது என் வீட்டுக்காரர். உன் கையில் டீசல் கறைதான் இருந்தது என்று அவரைச் சொல்லவைத்தேன். சம்பல் எண்ணெய் விரலில் ஏறினால் சோப்புப் போட்டாலும் போகாது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் போலீஸ்காரர் எழுந்து ரப்பர் பேண்டைப் பற்றிச் சொன்னார். சோம் மக்சிக்கை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே எழுந்து நின்று, தன் சோற்றைப் பற்றி இனி யாராவது பேசினால் அவர்கள் வீட்டு வாசலில் கடை போடுவேன் என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

லோரியைச் சோதித்தவர்கள், பிரேக் வேலை செய்யவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதலாளி அதைத்தான் சோற்றைப் போட்டு மூடப் பார்த்தார். நீ சாப்பிட்டுக்கொண்டு ஓட்டினாய் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, தவறு வண்டியில்தான் என்று அதிகாரி முடித்தார். மலருக்குச் சேரவேண்டியது வந்து சேர்ந்தது. முதலாளிக்கு அபராதம் போட்டார்கள். அவ்வளவுதான். அவர் வெளியே வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் மலரை உட்காரவைத்தேன். சோம் மக்சிக் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். மலர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, பஸ்ஸு எப்ப வரும்?"

"வரட்டும். ஒன்னு போனா இன்னொன்னு வரும். நீ உக்காந்து சாப்பிடு."

சாப்பிட்டாள், சந்திரா. முதலில் ஒரு நெத்திலி. பிறகு விரல் நுனியில் கொஞ்சம் சோறு. பிறகு நிறுத்த முடியாமல், அழுதுகொண்டே, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, அவளுக்குப் பிடிக்காத வெள்ளரிக்காயைக்கூட விடாமல் சாப்பிட்டாள். "காரமா இருக்கு," என்றாள். காரமாகத்தான் இருந்திருக்கும். மக்சிக் கோபமாக இருக்கும்போது அரைத்த சம்பல்.

உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். உன் மூக்கு, உன் முழி. மாதம் ஆறு ஆனதும் குழைத்த சோறு கொடுக்கத் தொடங்கினோம். முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதைத் துப்பினாள். கொஞ்சம் நெய் விட்டுக் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்து யோசித்தாள் பார், மலரும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். குறை சொல்லத் தெரிந்த நாக்கு. நல்லது.

ஆனால் பேச்சு மட்டும் ஓயவில்லை. அதிகாரி சொன்னது அலுவலகத்தோடு நின்றுவிட்டது. முதலாளி சொன்னதுதான் ஊரில் இன்னும் நடமாடுகிறது. ஒரு வருஷம் கழித்தும், உன் திதிச் சோற்றைத் தின்றுகொண்டே மாமா அதைத்தானே சொன்னார்? அவர் கெட்ட மனுஷர் இல்லை. உனக்காக அழுதவர்தான். பிரேக் என்று சொன்னால் யாரையாவது எதிர்க்க வேண்டும். தீனி என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போகலாம். அதுதான் அவருக்கு வசதி. வந்து, பந்தியில் சொன்னதைப் பந்தியிலேயே திருப்பி எடுத்துக்கொண்டால், அவருக்கு நானே புது இலை போட்டுப் பரிமாறுவேன். அதுவரை என் வீட்டில் அவருக்கு இலை கிடையாது.

எல்லாரும் என்னை ஆறச் சொல்கிறார்கள். ஒரு வருஷம் ஆச்சு, விடு வசந்தா என்கிறார்கள். விடமாட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், மலரையும் சாப்பிட வைக்கிறேன். பசியோடு கோபப்பட்டால் சீக்கிரம் அழுகையாகிவிடுகிறது. எனக்கு அழுகை போதும்.

இன்னொரு சேதி. முதலாளி புது லோரி வாங்கியிருக்கிறார், பழைய லோரிகள் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. முடிந்ததும் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய், லோரிகள் நிற்கிற கொட்டகை வாசலில் நிற்கிறேன். வருகிற ஒவ்வொரு டிரைவரையும் நிறுத்திக் கேட்கிறேன்: "பிரேக்கு புடிக்குதா?" முதலில் சிரித்தார்கள். முதலாளி ஆள் விட்டுத் துரத்தப் பார்த்தார். சாலை அவர் அப்பன் வீட்டுச் சொத்தில்லை என்றேன். போன வாரம் ஒரு டிரைவர் என்னைக் கண்டதும் வண்டியை ஓரம் கட்டினார். "அக்கா, புடிக்கல. சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்," என்றார். அந்த லோரி இப்போது பட்டறையில் நிற்கிறது. அந்தச் சீனர்தான் சரி பார்க்கிறார்.

இந்தச் சனிக்கிழமையும் போவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போவேன். இனிமேல் உன் மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வரும்போது முதல் வார்த்தையாகச் சோறு என்று சொல்லட்டும். இரண்டாவதாகப் பிரேக்கு என்று கேட்கட்டும். இரண்டையும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன், இது சத்தியம்.

கோபம் தீராத,
உன் கூடப்பிறந்த அக்கா,
வசந்தா
ரவாங்